அந்த நாள்: பாதியில் எழுந்து வந்தவரின் சாட்சியம்

போன அத்தியாயத்துக்கு அப்புறம் சிலர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டிருந்தீங்க. தமிழ்ல ஸ்டைலா, கடைசி வரைக்கும் நாற்காலி நுனியில உட்கார வைக்கிற மாதிரி எடுத்த கொலைப் படம்னா எதைச் சொல்வீங்கன்னு. ஒவ்வொருத்தருக்கும் ஒரு பட்டியல் இருக்கும். நான் யோசிக்காம சொல்ற பெயர் ஒண்ணுதான்: 'அந்த நாள்'. 1954-ல வந்த படம்.

முதல்லயே ஒரு எச்சரிக்கை. இன்னிக்குக் கொலையாளி யாருன்னு நான் சொல்லப்போறேன். அதைச் சொல்லாம இந்தப் படத்தைப் பத்திப் பேசினா, பேச்சு வாசல்லயே நின்னுடும். பார்க்காதவங்க இங்கேயே நிறுத்திட்டு, ரெண்டேகால் மணி நேரம் ஒதுக்கிப் பார்த்துட்டு வாங்க. நான் எங்கேயும் போயிட மாட்டேன்.

இன்னொண்ணு. இதை விமரிசனம்னு எடுத்துக்காதீங்க. எங்க வீட்டுல 4 பேர் ஒண்ணா உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். ஆளுக்கு ஒரு அபிப்பிராயம் சொன்னோம். அதுல ஒருத்தர் படத்தைப் பார்க்க உட்காரும்போதே 65 வருஷப் பழைய அபிப்பிராயம் ஒண்ணைக் கையில வச்சிருந்தார். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் காட்சியிலேயே சிவாஜி இறந்துபோகிறார்

படம் தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா சொல்லிடறேன். ஏவி.எம். தயாரிப்பு. இயக்கம் எஸ். பாலசந்தர். ஆமாம், வீணை பாலசந்தர்தான். அப்போ அவருக்கு வயசு 27. பின்னாடி வீணையில அவ்வளவு பெரிய பேர் வாங்கி, பத்மபூஷண் வரைக்கும் போன மனுஷர், சினிமான்னு வந்தப்போ பாட்டே இல்லாம ஒரு படம் எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டைக்காட்சியும் இல்லை. தமிழ்ப் படம்னாலே பாட்டுப் புஸ்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு உள்ள போற காலம் அது. 10 பாட்டு இருந்தா, 'என்ன, பாட்டு கம்மியா இருக்கே'ன்னு கேட்பாங்க.

ஜப்பான்காரன் சென்னை மேல குண்டு போட்டான் இல்லையா, 1943 அக்டோபர்ல, அந்த ராத்திரியை ஒட்டித்தான் கதை நடக்குது. ராஜன்னு ஒரு ரேடியோ இன்ஜினியர். சிவாஜி கணேசன். படம் ஆரம்பிச்ச உடனே அவரைச் சுட்டுடறாங்க. நம்மைப் பார்த்தபடியே வந்து விழறார். டிக்கெட் வாங்கி உள்ள போய் இடம் தேடி உட்கார்றதுக்குள்ள கதாநாயகன் காலி.

அப்புறம் விசாரணை. சி.ஐ.டி. அதிகாரி சிவானந்தமா வர்றவர் ஜாவர் சீதாராமன். படத்துக்குத் திரைக்கதை வசனம் எழுதினவரும் அவரேதான். பக்கத்து வீட்டுச் சின்னையா பிள்ளையைக் கேட்கிறாங்க. அவர் ராஜனோட தம்பி பட்டாபியைக் கைகாட்டறார். அண்ணன் தம்பிக்குள்ள சொத்துத் தகராறு, பங்கு கேட்டான், அண்ணன் தரலை, சண்டை நடந்தது, நான் பார்த்தேன்னு சொல்றார். பட்டாபியைக் கேட்டா விரல் அவனோட மனைவி ஹேமா பக்கம் திரும்புது. ஹேமாவைக் கேட்டா, ராஜனுக்கு அம்புஜம்னு ஒருத்தியோட தொடர்பு இருந்ததுன்னு தெரிய வருது. அம்புஜத்தைக் கேட்டா, விரல் சுத்திக்கிட்டு வந்து ஆரம்பிச்ச இடத்துக்கே, சின்னையா பிள்ளைக்கே வருது.

இதைக் குரோசவாவோட 'ரஷோமோன்' படத்தோட ஒப்பிடாதவங்க இல்லை. 1950-ல வந்த ஜப்பானியப் படம், அடுத்த வருஷம் வெனிஸ்ல பெரிய விருது வாங்கின படம். ஒரே சம்பவத்தை ஆளாளுக்கு வேற மாதிரி சொல்றதுங்கிற உத்தி அங்கேருந்துதான் பேச்சுக்கு வந்தது. ஆனா ஒரு வித்தியாசத்தை நான் ரொம்ப நாள் கவனிக்கலை. 'ரஷோமோன்'ல கொள்ளைக்காரன் 'நான்தான் கொன்னேன்'கிறான். மனைவி தன் கையால நடந்திருக்கணும்கிற மாதிரி சொல்றா. செத்தவனோட ஆவி வந்து 'நானே குத்திக்கிட்டேன்'குது. மூணு பேரும் பழியைத் தன் மேல இழுத்துப் போட்டுக்கறாங்க. நம்ம படத்துல ஒவ்வொருத்தரும் அடுத்தவரைக் காட்டறாங்க. ஒரு கூட்டுக்குடும்பத்து வழக்கை நேர்ல பார்த்தவங்களுக்கு இதுல எது நம்ம ஊர்ப் பழக்கம்னு நான் சொல்லத் தேவையில்லை.

"பாட்டைப் போடு!"

இந்தப் படத்தைப் பத்தி யார் எழுதினாலும் ஒரு வரி கட்டாயம் இருக்கும். பாட்டு இல்லைன்னு ஜனங்க தியேட்டர்ல சத்தம் போட்டாங்க, வசூல் சரியில்லை, ஆனா பத்திரிகைகள் பாராட்டினாங்க, அப்புறம் தேசிய விருதுல தகுதிச் சான்றிதழ் கிடைச்சது. அந்த வருஷத்துத் தமிழ்ப் படங்கள்ல முதலிடம் எம்.ஜி.ஆரோட 'மலைக்கள்ள'னுக்கு, அதுக்கு அடுத்த இடம் இதுக்கு. இதெல்லாம் சரிதான்.

ஆனா 'சத்தம் போட்ட ஜனங்க'ன்னு படிக்கும்போது நமக்கு முகம் தெரியாத ஒரு கும்பல்தான் மனசுல வரும். எனக்கு அப்படி இல்லை. அந்தக் கும்பல்ல ஒருத்தர் எங்க தாத்தா.

அம்மாவோட அப்பா. பொறந்தது 1934. படம் வந்தப்போ வயசு 20, மயிலாப்பூர்ல குடித்தனம், ஒரு கடையில கணக்கு எழுதற வேலை. 1954 ஏப்ரல் 13, புத்தாண்டை ஒட்டிப் படம் வெளியாகுது. அதே நாள்ல சிவாஜிக்கு இன்னொரு படமும் வெளியாச்சு, 'கல்யாணம் பண்ணியும் பிரம்மச்சாரி'. அது சிரிப்புப் படம். தாத்தாவும் மூணு சிநேகிதர்களும் முதல்ல 'அந்த நாள்' போயிருக்காங்க. கொஞ்ச நேரத்துல பின்னாடியிருந்து யாரோ "பாட்டைப் போடுடா"ன்னு கத்தியிருக்கான். இவங்களும் சேர்ந்து கத்தியிருக்காங்க. அதோட விடலை. எழுந்து வெளிய வந்து, அடுத்த ஆட்டத்துக்கு அந்த இன்னொரு சிவாஜி படத்துக்குப் போயிட்டாங்க.

இதைத் தாத்தா ஒரு வீரப்பிரதாபம் மாதிரி சொல்வார். "உப்பில்லாத பத்தியச் சாப்பாடுடா அது. அதுக்கு நாலணா தண்டம்"னு முடிப்பார். எங்க வீட்டுல யாரும் அந்தப் படத்தைப் பார்க்காததுக்கு அவரோட தீர்ப்புதான் காரணம். அதை எதிர்த்து அப்பீல் கிடையாது.

ஆனா அதே படத்தை இன்னொரு காரியத்துக்கும் அவர் எடுத்து வச்சுக்கிட்டிருந்தார். தாத்தாவுக்கு ஒரு தம்பி. கும்பகோணம் பக்கம் ஊர்ல ஒரு பழைய வீடு, பின்னாடி கொஞ்சம் தோட்டம். பாகம் பிரிக்கிறதுல வந்த தகராறு கோர்ட்டு வரைக்கும் போச்சு. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே பேச்சுவார்த்தை நின்னுபோச்சு. அந்தப் பேச்சு எப்போ வந்தாலும் தாத்தா சொல்றது ஒண்ணுதான்: "சொத்துன்னு வந்தா கூடப் பொறந்தவனே துப்பாக்கியைத் தூக்குவான். சிவாஜி படத்துலயே காட்டியிருக்கானே, தம்பிதானே சுட்டான்."

சின்ன வயசுல இதைக் கேட்டப்போ ஏதோ ஒரு சிவாஜி படம்னு நினைச்சுக்கிட்டேன். சின்னத் தாத்தா 2004-ல காலமானார். தாத்தா ஊருக்குப் போனார். வாசல்ல நின்னு பார்த்துட்டு, உள்ள போகாம, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சுத் திரும்பி வந்துட்டார்.

2019 பொங்கல்

நான் 'அந்த நாள்' பார்த்தது ரொம்பத் தாமதமா. பார்த்து முடிச்சப்போதான் எனக்குச் சுரீர்னு உறைச்சது. தம்பி சுடலையே! அப்போ தாத்தா இத்தனை வருஷமா என்ன சொல்லிக்கிட்டிருக்கார்?

கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் சாட்சி சின்னையா பிள்ளை. அவர் சொல்றது தம்பி மேல. தாத்தா எழுந்து போனது அங்கேதான். அதுக்கு அப்புறம் நாலு பேர் பேச வேண்டியிருக்கு. அவர் ஒரே ஒரு சாட்சியைக் கேட்டுட்டுத் தீர்ப்பு எழுதிட்டு வந்துட்டார்.

2019 பொங்கலுக்கு எல்லாரும் அம்மா வீட்டுல இருந்தோம். தாத்தாவுக்கு அப்போ 85 நடக்குது. காது கொஞ்சம் மந்தம், கண் நல்லாவே தெரியும். அக்கா பொண்ணு காலேஜ் படிக்கிறா. சில மாசம் முன்னாடிதான் 'ராட்சசன்' பார்த்துட்டு வந்து ராத்திரி லைட்டை அணைக்க விடாம இருந்தவ. நான் லேப்டாப்பை டி.வி.யோட இணைச்சு 'அந்த நாள்' போடப்போறேன்னு சொன்னேன். தாத்தா "அந்தக் கண்றாவியையா?"ன்னு கேட்டார். ஆனா எழுந்து போகலை. பொங்கல் சாப்பாட்டுக்கு அப்புறம் எழுந்திருக்கிற நிலைமையிலயும் அவர் இல்லை.

முதல்ல அக்கா பொண்ணு. படம் ஆரம்பிச்சு 15 நிமிஷத்துல, "மாமா, பொண்டாட்டிதான்"னு சொல்லிட்டா. எப்படிடின்னு கேட்டேன். "எல்லார் மேலயும் சந்தேகம் வர்ற மாதிரி காட்டறாங்க. அவங்க மேல மட்டும் வரலை. அப்போ அவங்கதான்"னா. இந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு டைரக்டரோட மனசைப் படிக்கிற பயிற்சி வந்துடுச்சு. கதைக்குள்ள தடயம் தேடறதில்லை, கதை எடுக்கிறவன் எதை மறைப்பான்னு தேடறாங்க. ஆனா அவ ஃபோனை எடுக்காம பார்த்தா. வெளிச்சத்தைப் பத்தி அவளாவே பேசினா. "பாதி முகம் இருட்டுல இருக்கே, இதை வேணும்னேதானே பண்ணியிருக்காங்க?" மாருதிராவோட ஒளிப்பதிவு அது. கறுப்பு வெள்ளையில நிழலைத் திட்டம் போட்டு விழ வச்சிருப்பாங்க. பாட்டு இல்லாததால ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவுல உண்மையான மௌனம் இருக்கும். காலடிச் சத்தம் கேட்கும்.

அடுத்தது அம்மா. அம்மா படம் பூரா காய் நறுக்கிக்கிட்டேதான் பார்த்தாங்க. பாதியில ஒண்ணு சொன்னாங்க. "பக்கத்து வீட்டுக்காரன், தம்பி, தம்பி பொண்டாட்டி, கூத்தியான்னு ஊர்ல இருக்கிறவங்க எல்லாரும் கதை சொல்லியாச்சு. அவன்கூடக் குடும்பம் நடத்தினவ சொல்ற கதை மட்டும் கடைசியில வருது பாரு." எங்க அம்மா சினிமாவைப் பத்திப் புத்தகம் எதுவும் படிச்சவங்க இல்லை. ஆனா இந்தப் படத்தோட திரைக்கதையை இதைவிட நல்லா யாரும் எனக்கு விளக்கினதில்லை. சுத்தி இருக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச ராஜன் வேற. கஞ்சத்தனமான அண்ணன், பெண் சகவாசம் உள்ளவன், அவ்வளவுதான். வீட்டுக்குள்ள இருந்தவளுக்குத் தெரிஞ்ச ராஜன் அதைவிடப் பெரிய ஆள், அதைவிடப் பெரிய அயோக்கியன்.

நான் இத்தனைக்கும் நடுவுல தாத்தாவைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். சின்னையா பிள்ளை சொல்லி முடிச்சப்போ, "இதோ, இங்கதான் எழுந்து போனோம். தம்பிதான்னு தெரிஞ்சுபோச்சே, அப்புறம் என்ன இருக்கு?"ன்னார். நான் எதுவும் சொல்லலை.

அடுத்தது பட்டாபி. டி.கே. பாலசந்திரன் நடிச்ச பாத்திரம். அவன் அண்ணன்கிட்ட சண்டை போட்டதை ஒத்துக்கறான். போட்டிருக்கக் கூடாதுன்னு வருத்தப்படறான். அண்ணனைப் பேசின பேச்சுதான் கடைசிப் பேச்சா நின்னுபோச்சுங்கிற துக்கம் அந்தக் காட்சியில இருக்கு. தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு"ன்னார். அதுக்கு அப்புறம் படம் முடியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசலை.

யாருக்குத் துரோகம்?

கடைசியில உஷா பேசறா. பண்டரிபாய். ராஜனைக் காதலிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டவ. அவன் ஜப்பானுக்கு ரகசியங்களை விக்கிறான்னு அவளுக்குத் தெரிய வருது. இங்கே தன் அறிவுக்கு மதிப்பில்லைங்கிற கோபம் அவனுக்கு. நாட்டுப்பற்று உள்ளவ அவ. கொலை அவ கையாலதான் நடக்குது.

படம் முடிஞ்சு டைட்டில் போனதும் அக்கா பொண்ணுதான் முதல்ல பேசினா. "யாருன்னு கண்டுபிடிச்சேன். ஏன்னு நான் நினைச்சது வேற. அந்த அம்புஜத்தால பொறாமைன்னு நினைச்சேன்." அப்புறம் ஒரு கேள்வி கேட்டா. "1943-ல இங்க ஆட்சி பண்ணினது வெள்ளைக்காரன்தானே? அவனோட ரகசியத்தை அவனோட எதிரிக்கு வித்தா அது எப்படி நாட்டுக்குத் துரோகம்? நேதாஜியே ஜப்பான்கூடத்தானே இருந்தார்?"

நல்ல கேள்வி. நேதாஜி சிங்கப்பூர்ல சுதந்திர இந்திய அரசை அறிவிச்சதும் அதே 1943 அக்டோபர்தான். மலேயாவிலயும் பர்மாவிலயும் இருந்த எத்தனையோ தமிழர்கள் அந்தப் படையில சேர்ந்தாங்க. 1954-ல தியேட்டர்ல உட்கார்ந்திருந்தவங்கள்ல அப்படிப் போனவங்களோட அண்ணன் தம்பிகள் இருந்திருப்பாங்க. அவங்களுக்கு உஷா சரியா தப்பாங்கிறது அவ்வளவு லேசான கேள்வியா இருந்திருக்காது. நான் இதையெல்லாம் விளக்க ஆரம்பிச்சேன். தாத்தா குறுக்கிட்டார்.

"1942 ஏப்ரல்ல எனக்கு 8 வயசு. கொழும்புல குண்டு போட்டுட்டான், அடுத்த நாளே விசாகப்பட்டினம், காக்கிநாடா. அடுத்தது மெட்ராஸ்னு ஊரே காலியாச்சு. எக்மோர் ஸ்டேஷன்ல அப்பா என்னைத் தோள்ல தூக்கி ஜன்னல் வழியா ரயிலுக்குள்ள தள்ளினார். தம்பிக்கு 5 வயசு. அவனை எனக்குப் பின்னாடியே தள்ளினார். ரெண்டு பேரும் உள்ள, அப்பாவும் அம்மாவும் வெளிய. ரயில் நகர்ந்துடுச்சு. செங்கல்பட்டுலதான் அவங்க எங்களைத் தேடிக் கண்டுபிடிச்சாங்க. அதுவரைக்கும் அவன் என் சட்டையை விடவே இல்லை."

கொஞ்ச நேரம் கழிச்சு, "மேலேருந்து போடறவனுக்கு வெள்ளைக்காரன் யாரு, மயிலாப்பூர்க்காரன் யாருன்னு தெரியுமா? அந்தப் பொண்ணு செஞ்சது சரிதான்"னார்.

சென்னை மேல கடைசியில விழுந்தது துறைமுகம் பக்கம் சில குண்டுகள்தான். பெரிய சேதமும் இல்லை. இன்னிக்கு அதைப் படிக்கும்போது ஒரு துணுக்குச் செய்தி. ஆனா அந்தப் பயத்துல ஒரு வருஷத்துக்கு மேல வாழ்ந்த ஊர் இது. படம் வந்தது அந்த ராத்திரிக்குப் பத்தரை வருஷம் கழிச்சுத்தான். அன்னிக்குப் பார்த்தவங்களுக்கு அது பழைய காலத்துக் கதை இல்லை. அவங்க பட்ட பாடு.

எழுந்து போனது பாட்டுக்காக மட்டும்தானா?

இங்கே நான் என்னோட அபிப்பிராயத்தைச் சொல்லிடறேன். பாட்டு இல்லாததாலதான் ஜனங்க ஏத்துக்கலைங்கிறது பாதி உண்மைன்னு எனக்குத் தோணுது.

ஒன்றரை வருஷம் முன்னாடி, 1952 தீபாவளிக்கு 'பராசக்தி' வந்திருந்தது. அதுலயும் சிவாஜி, அதுலயும் பண்டரிபாய், அதுலயும் ஏவி.எம்.முக்குப் பங்கு. அந்தக் குணசேகரன் சமூகத்து மேல கோபப்பட்டான். கோர்ட்டுல நின்னு பேசினான். ஊரே கைதட்டினது. கோபமா பேசற புத்திசாலி இளைஞன்னா அவன் நம்ம பக்கத்து ஆள்னு தமிழ்நாடு அப்போதான் கத்துக்கிட்டிருந்தது.

அதே முகம், அதே குரல், அதே மாதிரி கோபம். திறமையை மதிக்காத ஊர் மேல கோபம். இந்தத் தடவை அந்தக் கோபம் அவனைத் துரோகத்துல கொண்டுபோய் விடுது. அன்னிக்கு ஜோடியா நின்ன பண்டரிபாயே இங்கே அவனை முடிச்சு வைக்கிறா. வழக்கமா செத்துப்போனவனைப் பத்தி ஃபிளாஷ்பேக் வந்தா அவன் தங்கமானவன்னு தெரிய வரும். இங்கே ஒவ்வொரு ஃபிளாஷ்பேக்லயும் அவன் இன்னும் கீழே போறான். பார்க்கிறவன் யாரைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்றது? பாட்டு இருந்திருந்தா அந்த நேரத்துல ஒரு பிடி கிடைச்சிருக்கும். அது இல்லைங்கிறதைத்தான் 'பாட்டைப் போடு'ன்னு கத்தினாங்களோ என்னவோ. தாத்தாகிட்ட இதைச் சொன்னேன். "அதெல்லாம் இல்லை. நாங்க பாட்டுக்குத்தான் கத்தினோம்"னார். சரி, சாட்சி சொல்றதைப் பதிவு பண்ணிடறேன்.

ஒரு குறையும் எனக்கு உண்டு. கடைசிப் பகுதியில படம் வசனத்துக்கு ரொம்ப இடம் கொடுத்துடுது. அதுவரைக்கும் நிழல்லயும் மௌனத்துலயும் நகர்ந்த படம், நாட்டுப்பற்றுன்னு வந்ததும் மேடையேறிப் பேச ஆரம்பிச்சுடுது. அக்கா பொண்ணு கொட்டாவி விட்டது அங்கே மட்டும்தான். 'ரஷோமோன்' எது உண்மைங்கிறதைக் கடைசி வரைக்கும் திறந்தே வச்சிடும். பாலசந்தர் கதவைச் சாத்திப் பூட்டிச் சாவியையும் கொடுத்துடறார். அது பலவீனம்னு ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். தாத்தாவோட பார்த்ததுக்கு அப்புறம் அப்படிச் சொல்ல மனசு வரலை. சில பேருக்கு யார் செய்யலைங்கிறது கண்டிப்பா தெரிஞ்சாகணும்.

அடுத்த நாள் காலை

மறுநாள் மாட்டுப்பொங்கல். காபி குடிச்சுக்கிட்டிருந்தப்போ தாத்தா என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நேத்துப் படத்துல அந்தத் தம்பிக்காரன். அவன் ஒண்ணும் செய்யலை, இல்லையா?"

"இல்லை தாத்தா. சண்டை போட்டது மட்டும்தான்."

"அதான் கேட்டேன். 65 வருஷமா அவனைத் தப்பா சொல்லிட்டேன்."

எந்தத் தம்பியைச் சொல்றார்னு நான் கேட்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு, சின்னத் தாத்தா பையனோட நம்பர் இருக்கான்னு அம்மாகிட்ட கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாங்க. நான் அம்மாவைப் பார்த்தேன். நம்பர் யார்கிட்டயும் இல்லை. ரெண்டு மூணு சொந்தக்காரங்களைக் கேட்டு வாங்கறதுக்கு மத்தியானம் ஆயிடுச்சு. தாத்தா அஞ்சு நிமிஷம் பேசினார். ஊர்ல மழை எப்படி, பின்னாடி இருந்த நார்த்தங்காய் மரம் இன்னும் இருக்கா, அவ்வளவுதான். வழக்கைப் பத்தியோ தம்பியைப் பத்தியோ ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கோடையில அந்த மாமா ஒரு பையில நார்த்தங்காய் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்தார். தாத்தா 2021-ல போயிட்டார். கொள்ளி வைக்கிற அன்னிக்கு முதல் ஆளா வந்து நின்னது அந்த மாமாதான்.

ஒரு சினிமா பார்த்து எங்க தாத்தா மனசு மாறிட்டார்னு நான் சொல்ல மாட்டேன். 85 வயசுல ஒரு மனுஷன் ஃபோனை எடுக்கிறதுக்கு எத்தனையோ காரணம் இருக்கலாம். வழக்குல யார் பக்கம் நியாயம்னும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது, பாதியில எழுந்து வந்த ஒரு படத்தை வச்சு அவர் ஒரு தீர்ப்பு வச்சிருந்தார். மீதியைப் பார்த்ததும் அந்தத் தீர்ப்பைத் திருப்பி எடுத்துக்கிட்டார். அந்த வயசுல அது சுலபம் இல்லை.

இப்போ நாம எல்லாரும் அந்த இருபது வயசுத் தாத்தா மாதிரிதான் படம் பார்க்கிறோம். இடைவேளையில பாப்கார்ன் வரிசையில நிக்கும்போதே 'முதல் பாதி தீ', 'படம் மொக்கை'ன்னு ஃபோன்ல போட்டாச்சு. தியேட்டர் வாசல்ல மைக்கோட காத்திருக்காங்க. நானும் போட்டிருக்கேன், இல்லைன்னு சொல்லலை. கொலைப் படத்துக்கு அது ரொம்பவே அநியாயம். ஏன்னா அந்த மாதிரிப் படம் முதல் பாதியில நம்மகிட்ட வேணும்னே பொய் சொல்லுது. பாதியில எழுந்து வந்தவன் அந்தப் பொய்யைக் கையில எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போறான். சில சமயம் அதை 65 வருஷம் வச்சுக்கிறான்.

'அந்த நாள்' பார்க்காதவங்க பாருங்க. வீட்டுல எண்பது தாண்டினவங்க யாராவது இருந்தா பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. யார் கொன்னதுன்னு அவங்ககிட்ட முன்னாடியே கேட்டு, ஒரு காகிதத்துல எழுதி வச்சுக்கங்க. அவங்க சொன்னதை எனக்குக் குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த அத்தியாயத்துல சிலதைப் போடறேன்.

அடுத்த வாரம் பாலசந்தரோட 'பொம்மை' படத்தைப் பத்திப் பேசலாம். அதுல பாட்டு உண்டு. தாத்தா இருந்திருந்தா முழுசா உட்கார்ந்திருப்பார்.